சொந்த வீட்டுக்கு வாடகை கேட்டுக் கடிதம் வந்தால்: இங்கிலாந்தின் ரென்ட்சார்ஜ், முதல் வீடு வாங்குபவர்களுக்கு

வீடு வாங்கி எட்டு மாதம்கூட ஆகவில்லை. 2019இல் ஒரு காலை, தபால் துளை வழியாக ஒரு பழுப்பு உறை விழுந்தது. சீஃப் ரென்ட் இரண்டு வருட பாக்கி 29 பவுண்டு, நிர்வாகக் கட்டணம் 60 பவுண்டு, 14 நாட்களுக்குள் கட்டவும் என்று இருந்தது. எங்கள் வீடு மான்செஸ்டருக்குத் தெற்கே, நான்கு வீடுகள் தோளோடு தோள் ஒட்டி நிற்கும் ஒரு சின்ன வரிசையில் மூன்றாவது. ஃப்ரீஹோல்ட். மண்ணும் எங்களுடையது, சுவரும் எங்களுடையது. "அப்புறம் யாருக்கு வாடகை?" என்று மனைவி கேட்டாள்.

மோசடிக் கடிதம் என்றுதான் நான் முதலில் நினைத்தேன். கிழித்துப் போடுவதற்கு முன், வீடு வாங்கும் பத்திர வேலையைப் பார்த்த வழக்கறிஞருக்கு, இங்கே சொலிசிட்டர் என்பார்கள், ஒரு போன் போட்டேன். "உங்களுக்கு அனுப்பிய அறிக்கையில் ஒன்பதாம் பக்கம் பாருங்கள்" என்றார். பார்த்தேன். இருந்தது. சாவி கைக்கு வரும் அவசரத்தில் ஒன்பதாம் பக்கம் வரைக்கும் யார் படிக்கிறார்கள்? அந்த ஒன்பதாம் பக்கத்தில் இருந்ததைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன். இது இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் பொருந்தும். ஸ்காட்லாந்துச் சட்டம் வேறு.

முதலில், இது என்ன?

ரென்ட்சார்ஜ் என்பது நிலத்தின் தலையில் ஏற்றி வைத்திருக்கும் ஒரு காலமுறைத் தொகை. பத்திரப் பேச்சில் சொன்னால், ஒரு வில்லங்கம். குத்தகைக்கு விட்டவர் வாங்கும் வாடகை இதில் சேராது; கடன் வட்டியும் சேராது. பணம் வாங்குபவருக்கு உங்கள் நிலத்தில் வேறு எந்தப் பங்கும் கிடையாது, என்றைக்கும் அது அவருக்குத் திரும்பிப் போகாது. ஆனால் வருடா வருடம் அந்தத் தொகை மட்டும் அவருக்கு வர வேண்டும். வீடு கைமாறினால் சுமையும் கூடவே கைமாறும். முந்தைய சொந்தக்காரர் வைத்த பாக்கிக்கும் நிலம்தான் பிணை. எட்டு மாதம் முன்பு வாங்கிய எங்களுக்கு இரண்டு வருட பாக்கி வந்த மாயம் அதுதான்.

வரலாறு கொஞ்சம். நிலத்தை விற்ற பிறகும் விற்றவரே மேலதிகாரியாக இருந்து வாடகையும் சேவையும் வாங்குவதை 1290ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று நிறுத்தியது. அதைத் தாண்டிப் போக வழக்கறிஞர்கள் கண்ட வழிகளில் இதுவும் ஒன்று. பிறகு 19ஆம் நூற்றாண்டில் மான்செஸ்டர் சுற்றுவட்டாரம், பிரிஸ்டல் போன்ற இடங்களில் இது பெருகியது. வரிசை வீடு கட்டும் மேஸ்திரியிடம் நிலம் வாங்க ரொக்கம் இருக்காது. நிலக்காரர் விலையைக் குறைத்துக் கொடுத்துவிட்டு, பதிலுக்கு வருடத்துக்கு இவ்வளவு என்று என்றென்றைக்குமாக எழுதி வாங்கிக்கொள்வார். அன்றைக்கு இருவருக்கும் அது நல்ல பேரம். அன்று கனத்த 14 பவுண்டு இன்று இரண்டு பீட்சா விலை. மான்செஸ்டர் பக்கம் இதைச் சீஃப் ரென்ட் என்பார்கள். சிலர் கிரவுண்ட் ரென்ட் என்றே சொல்லிக் குழப்புவார்கள். கிரவுண்ட் ரென்ட் என்பது லீஸ்ஹோல்ட், அதாவது நீண்ட காலக் குத்தகை வீட்டுச் சமாச்சாரம். பெயரை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

படி 1: பதிவேட்டை எடுங்கள்

லேண்ட் ரெஜிஸ்ட்ரியின் (நில உரிமைகளைப் பதியும் துறை) அரசு இணையதளத்தில் உங்கள் வீட்டின் டைட்டில் ரெஜிஸ்டரை, அதாவது உரிமைப் பதிவேட்டை, 7 பவுண்டுக்கு இறக்கிக்கொள்ளலாம். தேடினால் முதலில் கண்ணில் படுவது பெரும்பாலும் அரசுத் தளம் போலவே வேடமிட்ட தனியார் தளங்கள்; அதே காகிதத்துக்குப் பல மடங்கு கேட்கும். முகவரியில் அரசின் தளம்தானா என்று பார்த்துவிட்டுக் காசு கட்டுங்கள்.

ரெஜிஸ்டரில் மூன்று பகுதிகள். 'ஏ' சொத்தைப் பற்றியது, ஃப்ரீஹோல்டா லீஸ்ஹோல்டா என்று அங்கேயே இருக்கும். 'பி' உரிமையாளரைப் பற்றியது. 'சி' சுமைகளைப் பற்றியது. ரென்ட்சார்ஜ் பெரும்பாலும் சி பகுதியில் கிடக்கும். இருந்தாலும் மூன்றையும் படியுங்கள், நாலைந்து பக்கம்தான். எந்தப் பத்திரத்தால் இது உண்டானது என்று தேதியோடு எழுதியிருந்தால், அந்தப் பத்திரத்தின் நகலையும் தனிக் கட்டணம் கட்டி வாங்கிவிடுங்கள். உண்மையான நிபந்தனைகள் அதில்தான் இருக்கும்.

படி 2: பழைய காசைப் புதிய காசாக்குங்கள்

எங்கள் பதிவேட்டில் இருந்தது இப்படி: இந்த நிலமும் வேறு நிலமும் சேர்ந்து வருடம் 14 பவுண்டு 10 ஷில்லிங் ரென்ட்சார்ஜுக்கு உட்பட்டவை, அதில் இந்த வீட்டின் பங்கு 3 பவுண்டு 12 ஷில்லிங் 6 பென்ஸ், முறைசாராமல் பிரித்துக்கொள்ளப்பட்டது.

ஒரு பவுண்டுக்கு 20 ஷில்லிங், ஒரு ஷில்லிங்குக்கு 12 பழைய பென்ஸ். 12 ஷில்லிங் என்றால் 60 புதிய பென்ஸ். 6 பழைய பென்ஸ் என்றால் இரண்டரை. ஆக எங்கள் பங்கு 3.62 பவுண்டும் ஒரு அரைக்காசும். நான்கால் பெருக்கினால் சரியாக 14.50. நான்கு வீட்டுக்குமான மொத்தத்தை எங்கள் ஒரு வீட்டிடம் கேட்டிருக்கிறார்கள். இரண்டு வருடத்துக்கு 29 என்ற கணக்கு அப்போதுதான் புரிந்தது.

கோபம் வந்தது. ஆனால் அவர்கள் கேட்டதில் சட்டப்படி தப்பில்லை. 'முறைசாராமல்' என்ற அந்த ஒரு சொல்லில்தான் சூட்சுமம். பழைய சொந்தக்காரர்கள் தங்களுக்குள் பங்கு பிரித்துக்கொண்டார்கள், பணம் வாங்குபவர் அதற்கு ஒப்புக்கொள்ளவில்லை. ஆகவே அவர் நான்கில் எந்த வீட்டிடமும் முழுத்தொகையைக் கேட்கலாம். கட்டியவர் மற்ற மூவரிடம் போய் வசூலித்துக்கொள்ள வேண்டியதுதான். கடைசி வீட்டுப் பாட்டியிடம் விசாரித்தேன். அவர் மாமியார் காலத்தில் அந்த வீடுதான் 'வசூல் வீடு'. வருடம் இரண்டு முறை கையில் ஒரு தகர டப்பாவோடு மற்ற மூன்று கதவையும் தட்டுவாராம். மாமியார் போனார், டப்பா நின்றது, ரென்ட்சார்ஜ் நிற்கவில்லை.

உங்கள் பதிவேட்டில் 'வேறு நிலமும்' என்று இருந்தால் அக்கம்பக்கத்தில் பேசிவிடுங்கள். முறைப்படி பிரித்துத் தரச் சொல்லி அரசுக்கு விண்ணப்பிக்கவும் வழி உண்டு. 3 பவுண்டுக்காக அவ்வளவு தூரம் போக வேண்டுமா என்றால், வீட்டை விற்கும் நாள் பக்கத்தில் இல்லை என்றால் வேண்டாம் என்பேன்.

படி 3: எந்த வகை என்று பிரியுங்கள்

இதுதான் முக்கியமான படி. 1977ஆம் ஆண்டு ரென்ட்சார்ஜ் சட்டம், அந்த ஆண்டு ஆகஸ்ட் 22 முதல் புதிதாக ரென்ட்சார்ஜ் உண்டாக்குவதைத் தடுத்துவிட்டது. ஆனால் சில விலக்குகள் வைத்தது. அதில் பெரியது எஸ்டேட் (குடியிருப்புத் தொகுதி) ரென்ட்சார்ஜ்: பொதுச் சாலை, புல்வெளி, வடிகால் போன்றவற்றைப் பராமரிக்கும் செலவுக்காகவோ, வீட்டுக்காரர் தன் கடமைகளைச் செய்யவைக்கும் பிடியாகவோ வைப்பது.

ஆக, பழைய பத்திரம், மாறாத சின்னத் தொகை, பதிலுக்கு எந்தச் சேவையும் இல்லை என்றால் அது பழைய வகை. புதிய குடியிருப்பு, வருடா வருடம் மாறும் தொகை, மேலாண்மை கம்பெனி என்றால் எஸ்டேட் வகை. முன்னது பல் விழுந்த கிழவன். பின்னதுக்குப் பல் இன்னும் இருக்கிறது.

படி 4: பழைய வகை என்றால் கடிதத்தைச் சோதியுங்கள்

பல் எப்படி விழுந்தது என்று தெரிந்தால் கடிதத்தைப் படிக்கும் விதமே மாறும். 1925ஆம் ஆண்டு சொத்துச் சட்டத்தின் 121ஆம் பிரிவு, தொகை 40 நாள் பாக்கி விழுந்தால் பணம் வாங்குபவர் நிலத்தைக் கையில் எடுத்துக்கொள்ளலாம், அல்லது அந்த நிலத்தை ஒரு டிரஸ்டிக்கு (தன் சார்பில் வைத்திருப்பவருக்கு) குத்தகைக்கு எழுதிக் கொடுத்துப் பாக்கியையும் செலவையும் திரட்டலாம் என்றது. முறையாகக் கேட்டிருக்க வேண்டும் என்றுகூட இல்லை. காகிதத்தில் மட்டும் கிடந்த சட்டம் இல்லை இது. வருடம் 6 முதல் 15 பவுண்டு வரையிலான பாக்கிகளுக்காக வீடுகளின் மேல் 99 வருடக் குத்தகை எழுதியதை, 2016இல் ராபர்ட்ஸ் எதிர் லாட்டன் வழக்கில் மேல் தீர்ப்பாயம் செல்லும் என்றது. பாக்கியைக் கட்டினாலும் குத்தகை தானாகப் போகாது. வீட்டை விற்க முடியாமல் மாட்டிக்கொண்டவர், கேட்ட பணத்தைக் கொடுத்துத்தான் அதை நீக்க வேண்டும். எங்கள் சொலிசிட்டர் 2019இல் "முதலில் கட்டிவிட்டு அப்புறம் வாதாடுங்கள்" என்றது அதனால்தான். 29ஐக் கட்டினேன், 60க்கு எந்தப் பத்திரத்தில் அதிகாரம் என்று கேட்டு எழுதினேன். பதிலே வரவில்லை.

இப்போது நிலைமை வேறு. 2024ஆம் ஆண்டு லீஸ்ஹோல்ட், ஃப்ரீஹோல்ட் சீர்திருத்தச் சட்டம் பழைய வகைக்கு இந்தக் குத்தகை ஆயுதத்தைப் பிடுங்கிவிட்டது. மசோதா முன்வைக்கப்பட்ட 2023 நவம்பர் 27ஆம் தேதியிலிருந்தே அது செல்லும். ஆகவே கடிதம் வந்தால் இவற்றைப் பாருங்கள். பணம் கேட்பவரின் பெயரும் முகவரியும் இருக்கிறதா? தொகை எப்படி வந்தது என்ற கணக்கு இருக்கிறதா? அவருக்குத்தான் உரிமை என்பதற்கு ஆதாரம் இணைத்திருக்கிறாரா? இந்த விவரங்களோடு கோரிக்கை அனுப்பி 30 நாள் போகாமல் அவர் வசூல் நடவடிக்கையில் இறங்க முடியாது. பழைய ரென்ட்சார்ஜ்களை மொத்தமாக வாங்கி வைத்திருக்கும் கம்பெனிகள் உண்டு. உங்கள் பத்திரத்தில் இருக்கும் விக்டோரியா காலத்து ஜமீன்தார் பெயருக்கும் கடிதத்தில் இருக்கும் பெயருக்கும் ஒட்டே இருக்காது. ஆதாரம் கேட்பது மரியாதைக்குறைவு இல்லை.

ஆதாரம் சரியாக இருந்தால் கட்டிவிடுங்கள். ஆயுதம் போனதே தவிரக் கடன் போகவில்லை, நீதிமன்றத்தில் வழக்குப் போடலாம். ஆறு வருடத்துக்கு முந்தைய பாக்கியைக் கேட்டால் மட்டும் காலாவதி என்று மறுக்கலாம். ரசீதைத் தூக்கிப் போடாதீர்கள். நான் இருபது வருடத்துக்கு முந்தைய சொந்தக்காரரின் ரசீதைக்கூட ஒரு கவரில் வைத்திருக்கிறேன். அழகான கையெழுத்து, அதற்காகவும்தான்.

படி 5: ஒரேயடியாகத் தீர்ப்பது

பழைய வகைக்கு ஆயுள் முடிவு எழுதியாகிவிட்டது. 1977 சட்டப்படி பெரும்பாலானவை 2037 ஜூலை 22 அன்று தானாகவே அழிந்துவிடும். அதுவரை பொறுக்க முடியாது, அல்லது வீட்டை விற்கப் போகிறீர்கள் என்றால், மீட்பு என்று ஒரு வழி உண்டு.

பணம் வாங்குபவரையே கேட்டால் மனம்போன விலை சொல்லலாம். அதற்கு முன் கணக்கைத் தெரிந்துகொள்ளுங்கள். வீட்டுவசதி அமைச்சகத்துக்கு விண்ணப்பித்தால் மீட்பு விலை சட்டத்தில் உள்ள சூத்திரப்படி வரும். வருடத் தொகை, எஞ்சிய வருடங்கள், அப்போதைய வட்டி விகிதம், இந்த மூன்றும்தான். எதிர்காலத் தொகையை இன்றைய மதிப்புக்குக் குறைப்பதால், வருடத் தொகையை எஞ்சிய வருடங்களால் பெருக்கி வருவதைவிடக் கொஞ்சம் குறைவாகவே இருக்கும். வருடம் 4 பவுண்டு, இன்னும் 11 வருடம் எஞ்சியிருக்கிறது என்றால் 44ஐத் தாண்டாது. "300 கொடுங்கள், விட்டுவிடுகிறோம்" என்று கடிதம் வந்தால் இந்த 44ஐ நினைத்துக்கொள்ளுங்கள். சொலிசிட்டரை வைத்துச் செய்தால் அவர் கட்டணம் இதைவிட அதிகமாகிவிடும், அதையும் சேர்த்துப் பார்த்துவிட்டு இறங்குங்கள்.

விண்ணப்பத்தோடு ரெஜிஸ்டர் நகல், பத்திர நகல், கடைசியாகக் கட்டிய ரசீது ஆகியவற்றைத் தயாராக வைத்திருந்தால் வேலை ஓடும். விலையைக் கட்டியதும் மீட்புச் சான்றிதழ் வரும். ரென்ட்சார்ஜ் பணம் வாங்குபவர் யாரென்றே தெரியாவிட்டால் பணத்தை நீதிமன்றத்தில் கட்டவும் ஏற்பாடு உண்டு. முன்பு விழுந்த பாக்கியை இந்தச் சான்றிதழ் துடைக்காது. பலர் இன்னொன்றையும் மறந்துவிடுகிறார்கள்: சான்றிதழை லேண்ட் ரெஜிஸ்ட்ரிக்கு அனுப்பி சி பகுதியில் உள்ள பதிவை நீக்கச் சொல்ல வேண்டும். தானாக நீங்காது. பெட்டிக்குள் வைத்துவிட்டால் விற்கும்போது வீடு வாங்குபவரின் சொலிசிட்டர் மறுபடி முதலிலிருந்து கேட்பார்.

எஸ்டேட் ரென்ட்சார்ஜை இப்படி மீட்க முடியாது, 2037இல் அது அழியவும் அழியாது.

படி 6: புதிய வீடு வாங்கும் முன்

உங்களில் பெரும்பாலோருக்கு இதுதான் தேவைப்படும். கட்டிட நிறுவனங்கள் சாலையையும் பூங்காவையும் உள்ளாட்சியிடம் ஒப்படைக்காமல் ஒரு மேலாண்மை கம்பெனியிடம் விட்டுவிடுவது இப்போது வழக்கமாகிவிட்டது. வணிகப் போட்டியைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான போட்டி ஆணையம் 2024 பிப்ரவரியில் வெளியிட்ட ஆய்வின்படி, பெரிய 11 நிறுவனங்கள் 2021-22இல் விற்ற புதிய வீடுகளில் 80 சதவீதம் இப்படிப்பட்ட கட்டணத்துக்கு உட்பட்டவை. சராசரி வருடம் 350 பவுண்டு.

இதற்கு ஏன் ரென்ட்சார்ஜ்? 'சாலைச் செலவில் பங்கு தருகிறேன்' என்று முதல் வாங்குபவர் கொடுக்கும் வாக்கு, இங்கிலாந்துச் சட்டப்படி அடுத்து வாங்குபவரைக் கட்டுப்படுத்தாது. 1885இலும் 1994இலும் நீதிமன்றங்கள் அதை உறுதி செய்தன. நிலத்தின் தலையிலேயே கட்டிவிட்டால் யார் வாங்கினாலும் தப்ப முடியாது. அந்த அளவில் நியாயம்தான். சிக்கல் என்னவென்றால், 2024 சட்டம் பழைய வகையிடமிருந்து பிடுங்கிய 121ஆம் பிரிவை எஸ்டேட் வகையிடமிருந்து பிடுங்கவில்லை. நான் இதை எழுதும்போது அந்தப் பிடி அப்படியே இருக்கிறது.

கையெழுத்திட்ட ஒப்பந்தங்களைப் பரிமாறிக்கொள்வதற்கு முன் சொலிசிட்டரிடம் எழுத்தில் கேளுங்கள். போனில் கேட்டால் போனோடு போகும். என் தம்பி வாங்கும்போது நாங்கள் கேட்டவை:

இந்தக் கட்டணம் ரென்ட்சார்ஜா, வெறும் ஒப்பந்தமா? விற்பனைப் பத்திரத்தில் 121ஆம் பிரிவு பொருந்தாது என்று எழுதியிருக்கிறதா? எழுதவில்லை என்றால் திருத்தப் பத்திரம் போடச் சம்மதிப்பார்களா, குறைந்தபட்சம் நடவடிக்கைக்கு முன் எங்களுக்கும் வங்கிக்கும் நோட்டீஸ் தருவதாக எழுதுவார்களா? எங்கள் வங்கி இதை ஏற்குமா? (சில வங்கிகள் இந்தப் பிரிவு திறந்து கிடந்தால் கடனே தராது. ஆகவே இதுதான் உங்கள் கையில் இருக்கும் நல்ல துருப்புச்சீட்டு.) கடந்த மூன்று வருடக் கணக்கு எங்கே? தொகைக்கு உச்சவரம்பு உண்டா?

இப்படிப்பட்ட குடியிருப்பில் ஏற்கெனவே ஒருவர் வைத்திருந்த வீட்டை மறுவிற்பனையில் வாங்கினால், எஃப்.எம்.இ.1 என்ற படிவத்தில் மேலாண்மை கம்பெனி பதில் எழுதித் தர வேண்டும். அதற்கு ஒரு கட்டணம் கேட்பார்கள், பெரும்பாலும் விற்பவர் கட்டுவார். பி பகுதியில் ஒரு தடைக் குறிப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். கம்பெனியின் சான்றிதழ் இல்லாமல் வீட்டைக் கைமாற்றிப் பதிய முடியாது என்று அது சொல்லும். நாளை நீங்கள் விற்கும்போது அந்தச் சான்றிதழுக்கும் காசு.

என் தம்பி விஷயத்தில் கட்டிட நிறுவனத்தின் ஆட்கள் முதலில் "இது எல்லோருக்கும் உள்ள நிபந்தனைதான்" என்றார்கள். வங்கி ஒப்புக்கொள்ளாது என்று சொலிசிட்டர் ஒரு வரி எழுதியதும், இரண்டு வாரத்தில் திருத்தப் பத்திரம் வந்தது. அதன் செலவும் அவர்கள் தலையில்தான்.

குடிபோன பிறகு

எஸ்டேட் கட்டணப் பில் அதிகம் என்று தோன்றினால் கட்டாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள். ஆட்சேபத்தோடு கட்டுகிறேன் என்று எழுதிக் கட்டிவிட்டு, கணக்கும் பில்களும் கேளுங்கள். செய்த வேலைக்கு நியாயமான தொகையாக இருக்க வேண்டும் என்பது 1977 சட்டத்திலேயே உள்ள நிபந்தனை, ஆகவே கேட்க உங்களுக்கு இடமிருக்கிறது. வீட்டுக்காரர்கள் இந்தக் கட்டணத்தைத் தீர்ப்பாயத்தில் கேள்வி கேட்கும் உரிமையை 2024 சட்டம் எழுதி வைத்திருக்கிறது. ஆனால் எழுதியதும் அமலுக்கு வருவதும் இங்கே வெவ்வேறு நாட்கள். உங்கள் பில் வரும் தேதியில் எந்தப் பிரிவு அமலில் இருக்கிறது என்று விசாரித்துக்கொள்ளுங்கள். அதே தெருவில் பத்து வீடு சேர்ந்து ஒரே கடிதத்தில் கையெழுத்துப் போட்டால் பதில் சீக்கிரம் வரும். தம்பியின் தெருவில் வாட்ஸ்அப் குழு ஒன்று போட்டார்கள். வெட்டாத புல்லுக்கு வந்த பில்லை, புல்வெளியின் போட்டோவோடு திருப்பி அனுப்பியதுதான் அதன் முதல் வேலை.